கருகாத பாலிகை

வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே போகிற மண்பாதையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு போர்வை, கல்யாணத்துக்கென்று பொண்ணு வீட்டில் எடுத்துக் கொடுத்திருந்த வேட்டி. வேட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடத்தான் நினைத்தேன். யார் கையில் கொடுப்பது என்று தெரியவில்லை. நான் படியிறங்கியபோது வாசலில் யாரும் நிற்கவில்லை.

கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். சேதி இன்னும் அவர்கள் காதுக்குப் போகவில்லை. ஒருத்தி களைக்கொத்தை ஆட்டிக் கூப்பிட்டாள்.

"இன்னா மாப்ள, பொண்ண உட்டுட்டு எங்க ஓட்ற? தாலி கட்டிட்டு ஓடினாத்தானே மருவாதி!"

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சித்தூர் வரிக்கும் போய்ட்டு வரேன்க்கா."

"வரும்போது எங்களுக்கும் பூ வாங்கினு வா. கண்ணாலத்துல நாங்களும் வெச்சிக்கறோம்."

சரியென்று தலையாட்டிவிட்டு நடந்தேன். சிரிப்பு கொஞ்ச தூரம் பின்னால் வந்தது. பிறகு களைக்கொத்து மண்ணில் படும் சத்தம் மட்டும் கேட்டது.

அது விஜயபுரம் பக்கத்து ஊர். மெயின் ரோட்டுக்குப் போனால் நகரிக்கு ஷேர் ஆட்டோ கிடைக்கும். நகரியிலிருந்து சித்தூருக்கு பஸ். அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத வழி குறைவு. எட்டாவதைப் பாதியில் விட்டவன் நான். அப்பா அம்மா போனபிறகு இருந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கிளம்பினேன். திருப்பதியில் லாட்ஜில் பெட்ஷீட் துவைத்தேன். ஸ்ரீசிட்டியில் லோடு ஏற்றினேன். சத்தியவேடு பக்கம் போன் டவர் நிற்கவைக்கிற ஆட்களோடு இரும்பு சுமந்தேன். ஓர் இடம் சலித்தால் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். ஏன் போகிறாய் என்று யாரும் கேட்டதில்லை. நான் போனதற்காக யாரும் அழுததுமில்லை. இந்த முறை ஒரு வீடே அழுதது. அழுதுகொண்டேதான் போகச் சொன்னார்கள்.

அந்த வீட்டுப் பெண்ணை நான் முதலில் பார்த்தது சித்தூரில், மாம்பழக் கூழ் எடுக்கிற கம்பெனியில். சீசனுக்கு ஆள் எடுத்தார்கள். நான் லாரியிலிருந்து மாங்காய்க் கூடை இறக்கும் வேலை. அவள் அழுகலைப் பொறுக்கித் தள்ளுகிற வரிசையில் நிற்பாள். ஒருநாள் நான் கூடையைத் தொப்பென்று போட்டேன். பழச்சாறு தெறித்து அவள் முகத்தில் பட்டது.

"யோவ், பாத்து எறக்குய்யா. மாங்கா இன்னா உன் மாமியாரா, இப்டிப் போட்டு ஒடைக்கிற?"

"எனக்கு மாமியார் இல்லமே. இருந்தா பதனமாத்தான் எறக்குவேன்."

"எங்கம்மா சும்மாத்தான் ஊட்ல கீது. வேணுமா?"

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். சூப்பர்வைசர் தெலுங்கில் திட்டிக்கொண்டே ஓடிவந்தான். அவள் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. மறுநாள் எனக்கும் சேர்த்து சோறு கட்டிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. வந்த இடங்கள் எல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போயின. அப்பா இல்லை. அம்மா அடுத்தவர் கொல்லையில் கூலி செய்து, பிறகு கொஞ்சம் சொந்தமாக நிலம் சேர்த்து, கடலையும் நெல்லும் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவள். தம்பி ஒருவன். டிப்ளமா முடித்துவிட்டு தினமும் கம்பெனி பஸ்ஸில் ஸ்ரீசிட்டிக்குப் போய்வந்துகொண்டிருந்தான்.

சீசன் முடிந்ததும் அவள் என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன் பக்கம் பேச யார் கீறாங்க?"

"யாரும் இல்லங்க."

"நல்லதாப் போச்சி. என் பொண்ணுக்கு மாமியார் நாத்தனார் தொல்லை இல்ல. இங்கயே இருந்துக்கோ. எனக்கும் ஒரு புள்ள கூட ஆச்சி. சோறு துன்னியா நைனா?"

அந்தப் பக்கத்தில் அப்பாவை நைனா என்பார்கள். பிள்ளை மேல் ஆசை பொங்கினால் அவனையும் நைனா என்று கூப்பிடுவார்கள். என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. சோறு துன்னிவிட்டேன் என்று பொய் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் நம்பாமல் தட்டு வைத்தாள். அன்றிலிருந்து எனக்கு அவள் அத்தை.

ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. எனக்குத் தங்க இடமில்லை என்பதால் மோட்டார் கொட்டாயில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். தண்ணீர் பாய்ச்சினேன், வரப்பு வெட்டினேன், மாட்டுக்குப் புல் அறுத்தேன். ஊரை விட்டுப் போகவேண்டும் என்ற நினைப்பு ஒரு நாளும் வரவில்லை. நான் அதைக் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பந்தக்கால் நடுகிற அன்றைக்கே பாலிகை போடுவார்கள். சின்னச் சின்ன மண்கிண்ணத்தில் புற்றுமண்ணும் எருத்தூளும் நிரப்பி, நவதானியத்தைப் பாலில் நனைத்துச் சுமங்கலிகள் ஐந்து பேர் தெளிப்பார்கள். பொண்ணு பேரையும் மாப்பிள்ளை பேரையும் சொல்லிச் சொல்லித் தெளிப்பார்கள். அதை உள் அறையில் இருட்டு மூலையில் வைத்துக் கூடையால் மூடிவிடுவார்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் திறந்தால் பயிர் வெளுப்பாக, நெருக்கமாக நிற்க வேண்டும். நின்றால் குடும்பம் தழைக்கும். கருகினால் மாப்பிள்ளைக்கு ஆகாது.

பாதி ஊர் இதை வெறும் சடங்காகத்தான் செய்கிறது. அத்தைக்கு மட்டும் அப்படி இல்லை. அவளுடைய கல்யாணத்தில் பாலிகை கருகிப்போயிருந்தது. பெரியவர்கள் அதை மறைத்து, கிண்ணத்தை ஏரியில் விட்டுவிட்டுத் தாலி கட்டவைத்தார்கள். தம்பிக்காரன் நடக்கப் பழகுவதற்குள் அவள் புருஷன் புத்தூர் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்தான். அன்றையிலிருந்து இன்றுவரை அவளுக்கு அந்தக் கிண்ணம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

பாலிகைக்கு தானியம் தாய்மாமன் வீட்டிலிருந்து வரவேண்டும். அவர் குப்பம் பக்கத்தில் குடுபல்லியில் இருந்தார். தக்காளி பறிக்கிற நேரம், விட்டுவிட்டு வரமுடியவில்லை. நாலைந்து நாள் கழித்து வருகிறேன் என்று போனில் சொன்னார். நல்ல நேரம் தப்பக்கூடாது. தம்பி திருப்பதிக்குப் புடவை எடுக்கப் போனபோது அங்கே பூஜை சாமான் கடையில் நவதானியப் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான். அதைத்தான் தெளித்தார்கள்.

வைத்த இடம் உள் அறை. அந்த அறைச் சுவரில்தான் தம்பி வைஃபை டப்பாவை மாட்டியிருந்தான். வயர் வருகிற ஓட்டை அங்கேதான் இருந்தது. கிண்ணங்களுக்கு நேர் மேலே அந்த டப்பா பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. அப்போது யாரும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

கூடையைத் தூக்கிய அன்று அத்தை கத்திய கத்தலில் நான் கொல்லையிலிருந்து ஓடி வந்தேன். கிண்ணத்தில் ஒரு முளைகூட இல்லை. தானியம் ஊறி, உப்பி, மேலே சாம்பல் நிறத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. புளித்த வாடை அடித்தது. அத்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று தேடுகிறவள் மாதிரி.

"இவனையுமா?" என்றாள். யாரைப் பார்த்துக் கேட்டாள் என்று தெரியவில்லை.

மறுநாள் தாய்மாமன் வந்து சேர்ந்தார். தோளில் துணிமூட்டை. விதைக்கென்று சாம்பல் போட்டு வைத்திருந்த தானியம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கா ஊட்ட எழவு ஊடு மாதிரி வெச்சிருக்கீங்க? முகூர்த்தத்துக்கு இன்னும் நாள் கீது. மறுபடி பால் தெளிச்சிப் போட்டாப் போச்சி" என்றார்.

"எதனால கருகிச்சின்னு தெரியாம மறுபடி எப்டிண்ணா போட்றது?" என்றாள் அத்தை. "அதும் கருகினா?"

அப்போதுதான் அவள் பேசினாள். நான் கட்டிக்கொள்ள இருந்தவள். அதுவரைக்கும் அறை மூலையில் நின்று அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதாம்மா. இந்த வைஃபைதான்."

அவள் போனில் ஒரு வீடியோ வந்திருந்தது. யாரோ ஒருவன் தெலுங்கில் பேசுகிறான். வைஃபை அலையில் செடி கருகும், விதை முளைக்காது, சிட்டுக்குருவி செத்துப்போகும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். அதை எல்லாருக்கும் போட்டுக் காட்டினாள். ஊரில் இந்தப் பேச்சு புதிதில்லை. ஏரிக்கரையில் டவர் வந்ததிலிருந்தே மாம்பூ கொட்டினால் டவர், தேங்காய் சிறுத்தால் டவர், மல்லி மொக்கு வைக்காவிட்டால் டவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெரிய டவர் மரத்தையே சாய்க்கும் என்றால் தலைக்கு மேலே இருக்கிற டப்பா நாலு பயறைக் கருக்காதா? அத்தையின் முகத்தில் முதல்முறையாகத் தெளிவு வந்தது. அவளுக்கு அது சாபம் இல்லாத ஒரு காரணம். மிஷின் செய்த தப்பு. மிஷினுக்கு மாப்பிள்ளை மேல் என்ன பகை?

நான் டவர் வேலையில் மாதக்கணக்கில் கிடந்தவன். அதன் அடியிலேயே சமைத்துத் தின்றிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனாலும் அன்று அவள் பக்கம்தான் தலையாட்டினேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று இருந்தது.

தாய்மாமன் மோவாயைத் தடவினார். "சரே. மிஷின்தான்னா அதையும் பாத்துடலாம். ரெண்டு கிண்ணம் போடுங்க. ஒண்ணு இங்கயே, இதே எடத்துல. இன்னொண்ணு மாட்டுக் கொட்டாயில. இங்க இருக்கிறது கருகி அங்க இருக்கிறது முளைச்சா, தப்பு மிஷின் மேல. மிஷினக் கழட்டிட்டு பால் தெளிச்சி முறையா பாலிகை போட்டு, கண்ணாலத்த நடத்திடலாம்."

"இங்கயும் முளைச்சா?" என்றாள் அத்தை.

அவர் குனிந்து மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார். அப்படி முளைத்தால் மிஷின் மேல் தப்பில்லை, பழைய சாபம்தான் என்று ஆகிவிடும்.

அவர் கொண்டுவந்த தானியத்தையே போட்டார்கள். பாலும் இல்லை, சுமங்கலிகளும் இல்லை. தண்ணீரில் நனைத்து அவரே தூவினார். டப்பா பலமாக வேலை செய்ய வேண்டும் என்று தம்பி தன் பழைய போனையும் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மாமா, உனக்காகப் பெரிய பெரிய படமா டவுன்லோடு போட்டுக்கினு கீறேன்" என்றான் என்னிடம். "கதிரு வீச்சு தாங்காம அந்தப் பயறு செத்துடும் பாரு."

"படம் நல்லா கீதா?"

"கேவலமான படமாப் பாத்துத்தான் போட்ருக்கேன். அதுக்கே கருகணும்."

பக்கத்து வீட்டுப் பொம்பளை வந்து, "எங்க போனும் சும்மாத்தான் கீது, கொண்டாந்து வைக்கவா?" என்று கேட்டாள். அத்தைகூடச் சிரித்தாள். அந்தச் சில நாட்கள் வீட்டில் ஒரு மாதிரியான சந்தோஷம் இருந்தது. பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை, பாஸ் ஆகிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டு திரிவதுபோல. நான் ஏரிக்கரைப் பக்கம் போகும்போதெல்லாம் டவரை நிமிர்ந்து பார்ப்பேன். அதன் கெட்ட பேரெல்லாம் உண்மையாகட்டும் என்று கும்பிட்டேன். பயிர் சாகட்டும் என்று கும்பிட்டவன் அந்த ஊரில் நான் ஒருவன்தான் இருப்பேன். இல்லை, இன்னொருத்தியும் இருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் கடப்பாரை எடுக்க வீட்டுக்குப் போனேன். வீட்டில் சத்தமே இல்லை. எல்லாரும் கொல்லையில். உள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் கூடையைத் தூக்கி வைத்துவிட்டு கிண்ணத்தின் முன் குந்தியிருந்தாள். கையில் பித்தளைச் சொம்பு. சொம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

எட்டிப் பார்த்தேன். பச்சைப்பயறு மண்ணைப் பிளந்துகொண்டு கழுத்தை வளைத்து நின்றது. காராமணி, தலையில் இன்னும் தோலை மாட்டிக்கொண்டு வந்திருந்தது. நெல்லுகூட ஊசி மாதிரி ஒன்றிரண்டு. டப்பா மேலே மினுக்கிக்கொண்டிருந்தது.

"கொட்டாயில கீறத பாத்தியா?" என்றேன்.

"அதும் இதே மாதிரிதான்."

சொம்பைக் கிண்ணத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"ஊத்து" என்றேன்.

"நீ ஊத்து."

சொம்பை என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். சொம்பு சுட்டது. குனிந்தேன். அந்தக் காராமணி தலையிலிருந்த தோலை அப்போதுதான் தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கம் கல்லில் ஊற்றினேன். திரும்பி வந்தபோது அவள் கூடையை மூடியிருந்தாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "முளைச்சதப் போய் எப்டிய்யா..." என்றாள். அவ்வளவுதான். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

தாய்மாமன் கூடையைத் தூக்கிய காலையில் வீட்டார் எல்லாரும் நின்றோம். கொட்டாயிலிருந்த கிண்ணத்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள். இரண்டிலும் பயிர் அப்படி நின்றது. வைஃபைக்குக் கீழே இருந்தது ஒரு விரல் அதிக உயரம். டப்பாவின் சூடோ என்னவோ. அவர் விவசாயி. நல்ல முளையைப் பார்த்ததும் தன்னையறியாமல் முகம் மலர்ந்தது. "அடேயப்பா, இன்னா வீரியம் பாரு" என்று சொல்லிவிட்டார். சொன்னபிறகு சுற்றிப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. தம்பி டப்பாவின் சுவிட்சை அணைத்தான். எதற்கு அணைத்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

நான் வெளியே போய்விட்டேன். மாட்டுக் கொட்டாயில் நின்றிருந்தபோதுதான் கூரை எரவாணத்தில் செருகியிருந்த அந்தப் பாக்கெட் கண்ணில் பட்டது. திருப்பதியில் வாங்கியது, மிச்சம் கொஞ்சம் இருந்தது. எடுத்துக் கையில் கொட்டினேன். தானியத்தோடு மாவும் கொட்டியது. ஒவ்வொரு பயறிலும் ஊசி குத்தினமாதிரி ஓட்டை. அது ஹோமத்தில் போடுவதற்கும் நவக்கிரகத்துக்கு வைப்பதற்கும் விற்கிற பாக்கெட். எத்தனை மாதம் கடையில் தொங்கியதோ.

ஒரு சொம்புத் தண்ணீரோடு உள்ளே ஓடினேன். அத்தையின் முன்னால் வைத்து அந்தத் தானியத்தைப் போட்டேன். எல்லாம் மிதந்தது. தாய்மாமன் மூட்டையிலிருந்து ஒரு பிடி போட்டேன். எல்லாம் அடியில் போய்ப் படுத்தது.

"பாருங்கத்தே. மிஷினும் இல்ல, சாபமும் இல்ல. வண்டு துன்ன விதை. எங்க போட்டாலும் மொளைக்காது."

அத்தை விதை போட்டே பிழைத்தவள். மிதக்கிற விதை முளைக்காது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சொம்பைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு நொடி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

தாய்மாமன்தான் என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "தம்பி, அன்னிக்கு மிஷின்னு சொன்னீங்க. இன்னிக்கு விதைன்றீங்க. இதும் இல்லன்னா நாளைக்குத் தண்ணின்னுவீங்க."

"இல்ல மாமா, இது கண்ணுக்கு முன்னால..." என்றேன்.

"மிஷினும் கண்ணுக்கு முன்னாலதான இருந்தது?"

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

தம்பி விடவில்லை. "மாமா, இதான் இவ்ளோ நல்லா மொளைச்சிருக்கே! இதையே பாலிகைன்னு வெச்சிக்கலாம். நல்ல சகுனம்தான?"

"பால் தெளிச்சமா? பேர் சொன்னமா?" என்றார் அவர். "இது பரீச்சைக்குப் போட்டதுடா. பாலிகை ஆவாது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவள் தூணோடு சாய்ந்துகொண்டாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அவர் வந்த அன்றைக்கே சொன்னபடி, ஒன்றையும் சோதிக்காமல், அதே மூட்டைத் தானியத்தைப் பால் தெளித்துப் பேர் சொல்லிப் போட்டிருந்தால், இதே பயிர் இதே உயரத்துக்கு எங்கள் கல்யாணத்துக்காக நின்றிருக்கும். வைஃபை மேல் பழியைப் போட்டு எங்களைக் காப்பாற்றத்தான் அவள் பார்த்தாள். அது குற்றமற்றதாகப் போய்விட்டது.

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள்.

"பூச்சி விதைதான், ஒத்துக்கறேன். எத்தினி பாக்கெட்டு அந்தக் கடையில தொங்கிச்சோ. அதுல இந்தப் பாக்கெட்டு ஏன் என் பொண்ணு கண்ணாலத்துக்குன்னு வந்து கையில மாட்டணும்? அத சொல்லு நைனா."

தம்பி பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கிக் கசக்கினான்.

"மறுபடி ஒருவாட்டி போடலாம்மா, முறையா" என்றான் தம்பி.

"எனக்கு தைரியம் இல்லடா" என்றாள். "மொளைச்சாலும் எனக்குத் தூக்கம் வராது. இவன் ரோட்டுக்குப் போனா நான் வாசல்லயே நிக்கணும். அவருக்கு அப்டித்தான் நின்னேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீ எங்கனாச்சும் உசுரோட இரு நைனா. என் ஊட்டுக்கு வந்து சாவாத."

என்னைப் பிடிக்காமல் அனுப்பியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்குப் புதிதில்லை. பிள்ளை பிழைக்கட்டும் என்று அனுப்புகிறவளிடம் என்ன சண்டை போடுவது?

மோட்டார் கொட்டாயில் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். வாய்க்கால் ஓரத்தில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"என்கூட வந்துடு" என்றேன். "திருப்பதில எதனா பாத்துக்கலாம்."

"உனக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எங்கம்மா செத்துடும். நீ இருமினா நான் எங்கம்மா மூஞ்சியப் பாப்பேன். அப்டியே எத்தினி வருஷம் இருக்கிறது?"

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் சத்தத்தில் பேசுவது சுலபமாக இருந்தது.

"அன்னிக்கு அந்தச் சுடுதண்ணிய ஊத்தியிருக்கலாம்" என்றாள்.

"ஊத்தியிருந்தா நீ ஆயுசுக்கும் தூங்கியிருக்கமாட்ட."

"இப்ப மட்டும் தூங்கப் போறனா?"

வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனாள். மடையைத் திருப்பிவிட வேண்டிய நேரம். அவள் மறந்துவிட்டாள். நான் திருப்பிவிட்டுத்தான் பையை எடுத்தேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொண்டு கிளம்பலாம் என்று படியேறினேன். உள்ளே யாரோ அழுகிற சத்தம் கேட்டது. திரும்பி இறங்கிவிட்டேன்.

தாய்மாமன் மட்டும் வேலி வரைக்கும் பின்னாலேயே வந்தார். "உன் மேல ஒண்ணும் தப்பு இல்ல தம்பி" என்றார். "தெரியும் மாமா" என்றேன். அந்த மாமா என்ற சொல்லைச் சொல்ல இனி எனக்குப் பாத்தியம் இல்லை என்று சொன்னபிறகுதான் நினைத்தேன். அவர் அதைத் திருத்தவில்லை.

நகரியில் பஸ் ஏறி சித்தூர் வந்தேன். மாங்காய் சீசன் முடிந்து கூழ் கம்பெனிகள் ஓய்ந்திருந்தன. பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். காலையில் கூலி ஆட்கள் நிற்கிற முக்கில் போய் நின்றேன். கொத்து வேலைக்கும் சுமை தூக்கவும் வந்தவர்கள் ஆள் பொறுக்கிக்கொண்டு போனார்கள். என் பையைப் பார்த்து, இவன் ஊருக்குப் போகிறவன் என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் ஒரு பையன் பைக்கில் வந்து நிறுத்தினான்.

"ஏம் அண்ணா, பனிக்கி வஸ்தாவா?"

"என்ன வேலைப்பா?"

நான் தமிழ் பேசியதும் அவனும் தமிழுக்கு வந்துவிட்டான். "செல் டவர்ணா. ஊருக்கு வெளிய. மேல ஏற வேணாம், பயப்படாத. வேலிக்குள்ள களை காடு மாதிரி மண்டிக்கினு கீது. ஆபீசர் வரார். வேரோட புடுங்கணும்."

பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வேலிக் கதவின் பூட்டை அவன் திறந்தான். ஜல்லி போட்ட தரை. ஜல்லி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் துத்தியும் தும்பையும் கோரையும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. மிஷின் பெட்டி உம்மென்று உறுமிக்கொண்டிருந்தது. அதை ஒட்டித்தான் எல்லாவற்றையும்விடச் செழிப்பு. மேலே டவரில் ஏதோ ஒரு குருவி கூடு கட்டியிருந்தது.

"என்னாத்தப் போட்டு வளக்கறாங்களோ" என்றான் அவன். "போன மாசம்தான் புடுங்கினோம். மறுபடி வந்துடுது."

பையை வேலிக் கம்பியில் மாட்டினேன். அவன் கொடுத்த களைக்கொத்து மொட்டையாக இருந்தது. கையாலேயே பிடுங்குகிறேன் என்றேன். முந்தின நாள் மழை பெய்திருக்கும்போல. மண் ஈரமாக இருந்தது, வேர் சுலபமாக வந்தது. மிஷின் பெட்டியின் ஓரத்தை அப்படியே விட்டுவிட்டு கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.